உள்ளூர்ச் சூழல் குழுவில் செய்தித் தொடர்பு: முதல் நாளிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு குளத்துக்காகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போன நாளில், ஒரு பாட்டி என்னை வாசலிலேயே நிறுத்தினார். “தம்பி, போன வருஷமும் இதே மாதிரி ஒரு தாளை நீட்டினீங்க. நானும் போட்டேன். அது என்னாச்சு?”

அந்த முதல் மனு ஓரளவு பலித்திருந்தது. குளத்தின் ஒரு கரையில் குப்பை கொட்ட முடியாதபடி வேலி போட்டிருந்தார்கள். ஃபேஸ்புக்கில் படம் போட்டோம், நிறையப் பேர் லைக் போட்டார்கள். கையெழுத்துப் போட்ட பாட்டிக்கு மட்டும் யாரும் போய்ச் சொல்லவில்லை.

நான் இந்த வேலையைச் செய்யும் விதத்தையே அந்தக் கேள்வி மாற்றிவிட்டது. ஒரு செய்தியை வெளியே அனுப்பியதும் வேலை முடிந்தது என்று அதுவரை நினைத்திருந்தேன். கேட்டவரிடம் திரும்பிப் போய், “நீங்கள் செய்தது இப்படி ஆனது” என்று சொல்லும்போதுதான் அது முடிகிறது. இந்தப் பொறுப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். சம்பளத்துக்கு வந்தவரானாலும் சரி, வாரத்துக்கு நான்கு மணி நேரம் ஒதுக்கும் தன்னார்வலரானாலும் சரி, வரிசை ஒன்றுதான்.

1. முதல் இரண்டு வாரம் எதையும் எழுத வேண்டாம்

பொறுப்பை ஏற்றதுமே குழுவில் உள்ளவர்கள் ஆளுக்கொரு வேலை சொல்வார்கள். லோகோவை மாற்ற வேண்டும், இன்ஸ்டாகிராம் கணக்கு தொடங்க வேண்டும், போஸ்டர் அடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் “இரண்டு வாரம் கழித்து” என்று சொல்லுங்கள். அந்த இரண்டு வாரத்தில் இரண்டு இடங்களில் காது கொடுக்க வேண்டும்.

முதலில் குழுவுக்குள். கூட்டங்களில் உட்காருங்கள். பழைய கூட்டக் குறிப்புகளைப் படியுங்கள். ஒவ்வோர் உறுப்பினரிடமும் தனித்தனியாக, “இந்த வருடம் நாம் எதில் ஜெயிக்க வேண்டும்?” என்று கேளுங்கள். ஐந்து பேர் ஐந்து பதில் சொன்னால் குழுவுக்கே இன்னும் குறிக்கோள் தெளிவாகவில்லை என்று பொருள். அதை எந்தப் போஸ்டரும் சரிசெய்யாது. கூட்டத்தில் எடுத்துச் சொல்லி, பேசி முடிவெடுக்க வைப்பதும் உங்கள் வேலைதான்.

அப்புறம் வெளியே. பிரச்சினை நடக்கும் தெருவில், குளக்கரையில், பள்ளி வாசலில், பேருந்து நிறுத்தத்தில் மக்களிடம் பேசுங்கள். கையில் ஒரு சிறு நோட்டு இருக்கட்டும். அவர்கள் சொல்லும் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இதை நான் மிகவும் வற்புறுத்துவேன். “காலநிலை மாற்றம்” என்று யாரும் பேச்சைத் தொடங்குவதில்லை. “ராத்திரிகூட வெக்கை அடங்க மாட்டேங்குது” என்பார்கள். “முன்னெல்லாம் இவ்வளவு தண்ணி நிக்காது” என்பார்கள். “குப்பையை எரிச்சா சின்னவனுக்கு இழுப்பு வந்துடுது” என்பார்கள். நீங்கள் எழுதப்போகும் நோட்டீஸின் முதல் வரி இவற்றில் ஒன்றுதான்.

இரவு வெக்கை பற்றிய அந்தப் பேச்சு வெறும் புலம்பலும் அல்ல. பூமி சூடாவதன் தெளிவான அடையாளங்களில் ஒன்று, வெப்பமான இரவுகள் கூடிவருவது. ஊருக்குள் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. கான்கிரீட்டும் தாரும் பகல் முழுதும் வாங்கிய சூட்டை இரவில் வெளிவிடுகின்றன. அப்படிச் சொல்பவர் தன் உடம்பால் உணர்ந்ததும் அறிவியல் சொல்வதும் ஒன்றுதான் என்று காட்ட முடிந்தால், பாதி வேலை முடிந்துவிடும்.

2. ஒரு பக்கத் திட்டம்

“விழிப்புணர்வு ஏற்படுத்துவது” என்று திட்டத்தில் எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். யாருக்கு, எதைப் பற்றி, எப்போது வரை, அதனால் என்ன நடக்க வேண்டும் என்று எதையுமே அது சொல்லவில்லை. அதோடு, விழித்திருப்பவர்கள் நாம், தூங்குகிறவர்கள் மக்கள் என்ற எண்ணமும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர் நமக்கு முன்பே விழித்துக்கொண்டவர்.

ஒரு தாளை எடுத்து நான்கே கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். எந்த முடிவு மாற வேண்டும்? அந்த முடிவை எடுப்பவர் யார்? அவர் எந்தத் தேதியில் எடுக்கிறார்? அவர் யாருடைய பேச்சைக் கேட்பார்?

சாலையை அகலப்படுத்த ஒரு வரிசை மரங்களை வெட்டப்போகிறார்கள் என்று வையுங்கள். மாற வேண்டிய முடிவு சாலையின் வரைபடம். எடுப்பவர் அந்தத் துறையின் பொறியாளரும், ஒப்புதல் தரும் உள்ளாட்சி மன்றமும். தேதி, மன்றக் கூட்டம் நடக்கும் நாள். அவர்கள் கேட்கக்கூடியவர்கள் அந்தச் சாலையில் கடை வைத்திருப்பவர்கள், பக்கத்துப் பள்ளியின் பெற்றோர்கள், நிழலில் நின்று பேருந்துக்குக் காத்திருப்பவர்கள். இப்போது உங்கள் செய்தி ஊர் முழுக்கப் போக வேண்டியதில்லை. இந்த முந்நூறு பேருக்குச் சரியாகப் போனால் போதும். சிறிய குழுவுக்கு இது பெரிய விடுதலை.

தேதி தெரிந்ததும் அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கூட்டத்துக்கு முதல் நாள் நினைவூட்டல், மூன்று நாள் முன்பு செய்தியாளர்களுக்குக் குறிப்பு, ஒரு வாரம் முன்பு மனு கொடுப்பது, இரண்டு வாரம் முன்பு வீடு வீடாகச் செல்வது. கடைசி வரியாக, கூட்டம் முடிந்த இரண்டு நாளுக்குள் எல்லோருக்கும் பதில் சொல்வது. அந்தக் கடைசி வரியை இப்போதே எழுதி, பக்கத்தில் ஒருவர் பெயரையும் போட்டுவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது நடக்காது.

3. உண்மைத் தாள்

இதில்தான் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். ஒரு பிரச்சினைக்கு ஒரு தாள். அதில் இருக்கும் எண்களைத் தவிர வேறு எண்ணைக் குழுவில் யாரும் மேடையிலோ பேட்டியிலோ சொல்லக் கூடாது. ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் எங்கே அளந்தது, எப்போது அளந்தது, எதோடு ஒப்பிட்டது என்ற மூன்றும் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அந்த எண் தாளில் ஏறக் கூடாது.

பொதுவான சில எண்களை மனப்பாடமாகவே வைத்திருங்கள். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 280 பங்கு கார்பன் டை ஆக்சைடு இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. ஹவாய் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் 1958-லிருந்து இதைத் தொடர்ந்து அளந்துவருகிறார்கள். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு 2021-ல் வெளியிட்ட அறிக்கை, 1850-1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2011-2020 பத்தாண்டில் உலகின் சராசரி வெப்பம் சுமார் 1.1 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருந்ததாகச் சொல்கிறது. 2024-ஆம் ஆண்டை மட்டும் தனியே பார்த்தால் உயர்வு சுமார் 1.55 டிகிரி என்பது உலக வானிலை அமைப்பின் கணக்கு.

இந்தக் கடைசி எண்ணில் பலர் சறுக்குகிறார்கள். “பாரிஸ் உடன்படிக்கையின் 1.5 டிகிரி எல்லை உடைந்துவிட்டது” என்று எழுதிவிடுவார்கள். வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல்வோம் என்று 2015-ல் உலக நாடுகள் பாரிஸில் ஏற்ற அந்த இலக்கு நீண்ட காலச் சராசரியைப் பற்றியது. ஒரு வருடம் தாண்டியது கடுமையான எச்சரிக்கைதான், ஆனால் இலக்கு தோற்றுவிட்டதாக அதற்குப் பொருள் இல்லை. “எல்லாம் முடிந்துவிட்டது” என்று நாமே எழுதினால், பிறகு எதற்காக மனு கொடுக்கக் கூப்பிடுகிறோம்?

பெரிய மழையோ வெப்ப அலையோ வந்தால், “இதுக்குக் காலநிலை மாற்றம்தான் காரணமா?” என்று நிச்சயம் கேட்பார்கள். ஆமாம் என்று ஒரே சொல்லில் முடிக்காதீர்கள். வானிலை என்பது இன்றைய மழை. காலநிலை என்பது வழக்கமாக முப்பது வருடச் சராசரி. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் வாய்ப்பு கூடுகிறது. எனவே, “இப்படிப்பட்ட மழை வரும் வாய்ப்பைச் சூடான காற்று கூட்டுகிறது. அந்தத் தண்ணீர் நம் வீட்டுக்குள் வருவதா கால்வாயில் போவதா என்பதை நாம் கட்டியிருக்கும் விதம் முடிவுசெய்கிறது” என்று சொல்லுங்கள். இது உண்மையும்கூட, உள்ளூர் நிர்வாகம் கைகழுவ முடியாத பதிலும்கூட. கால்வாயை அடைத்துவிட்டு வானத்தைக் குறை சொல்ல யாருக்கும் நாம் வழி விடக் கூடாது.

ஓசோன் ஓட்டையையும் பூமி சூடாவதையும் ஒன்றாகக் குழப்புபவர்கள் இன்றும் நிறைய இருக்கிறார்கள், சில சமயம் நம் குழுவுக்குள்ளேயே. இரண்டும் வேறு வேறு. ஓசோனை அரிக்கும் வேதிப்பொருட்களை நிறுத்த 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது, நாடுகள் அதைக் கடைப்பிடித்தன, படலம் மெல்ல மீண்டுவருகிறது. உலகம் சேர்ந்து செய்தால் பலன் வரும் என்பதற்கு எடுத்துக்காட்டாக அதைச் சொல்லலாம். காரணமாகச் சொல்லக் கூடாது.

உலக எண்கள் காதில் விழும், மனதில் நிற்காது. உள்ளூர் எண்ணை நீங்களே கணக்கிடுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது மழைக் கணக்கு. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். அரை ஹெக்டேர் திறந்தவெளிக்குக் கான்கிரீட் போடப்போகிறார்கள் என்றால், அது 5,000 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழையில் அதன்மேல் விழுவது இரண்டரை லட்சம் லிட்டர். இன்று அதில் ஒரு பகுதியை மண் குடித்துக்கொள்கிறது. நாளை கிட்டத்தட்ட எல்லாமே ஓடத்தான் செய்யும். “அது எந்தத் தெருவுக்கு ஓடும்?” என்று கூட்டத்தில் கேளுங்கள். நான் கேட்டபோது அந்த அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

குப்பையைப் பற்றிப் பேசினால் மீத்தேனைச் சேருங்கள். மக்கும் குப்பை காற்றோட்டமில்லாமல் மலையாகக் குவிந்து அழுகும்போது மீத்தேன் வருகிறது. இருபது வருடக் கணக்கில் பார்த்தால் அது அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைப்போல சுமார் 80 மடங்கு சூடாக்கும். வீட்டில் தரம் பிரிப்பதற்கும் காலநிலைக்கும் உள்ள தொடர்பு இதுதான்.

காற்றுத் தூசியை அளக்கும் சிறிய கருவியைக் குழு வாங்கியிருந்தால் கவனம் தேவை. பி.எம். 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவும் உள்ள துகள்கள், தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் தந்த வழிகாட்டு அளவு, ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராம், ஒரு நாள் சராசரி 15. உங்கள் கருவி பத்து நிமிடம் காட்டிய எண்ணை இந்த அளவுகளோடு ஒப்பிடவே கூடாது. விலை குறைந்த கருவிகள் பனியிலும் ஈரக் காற்றிலும் கூட்டிக் காட்டும். ஒரே கருவியை ஒரே இடத்தில் வைத்து, குப்பை எரியும் நாளையும் எரியாத நாளையும் ஒப்பிட்டுச் சொல்லுங்கள். அது நிற்கும்.

“ஒரு மரம் இத்தனை பேருக்கு ஆக்சிஜன் தருகிறது” என்று சுற்றிவரும் வரியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மரத்தின் நிழலும், இலைகள் நீராவி விட்டுக் காற்றைக் குளிர்விப்பதும் போதும். நிழலில் நின்றவர் யாரும் அதை மறுக்க மாட்டார்.

4. எழுதும் விதம்

எங்கள் பழைய நோட்டீஸ் ஒன்று இப்படித் தொடங்கியது: “இயற்கை அன்னையின் மடியில் தவழும் மனிதகுலம் இன்று பேரழிவின் விளிம்பில் நிற்கிறது.” படித்தவர் மடித்துப் பையில் வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். இப்போது அதே விஷயத்தை இப்படி எழுதுவோம்: “பள்ளிச் சாலையில் உள்ள 42 மரங்களை வெட்டுவதா என்று வரும் வியாழக்கிழமை காலை 10 மணிக்கு மன்றக் கூட்டத்தில் முடிவெடுக்கிறார்கள். உங்கள் பிள்ளை அந்த நிழலில்தான் நடந்து பள்ளிக்குப் போகிறது. கூட்டத்துக்கு முன் மனுவில் கையெழுத்துப் போட, புதன் மாலை பள்ளி வாசலுக்கு வாருங்கள். முடிவு என்ன ஆனாலும் சனிக்கிழமைக்குள் உங்களுக்குச் சொல்வோம்.” என்ன நடக்கிறது, எனக்கு என்ன சம்பந்தம், நான் என்ன செய்ய வேண்டும், பிறகு என்ன ஆகும் என்று நான்கு வாக்கியங்கள். பெரும்பாலான நோட்டீஸுகளுக்கு இது போதும். மரங்களை எண்ணும்போது மட்டும் நீங்களே நடந்துபோய் எண்ணுங்கள்.

பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நிலைமை பயப்பட வேண்டியதுதான், மறைக்க வேண்டாம். ஆனால் பயமுறுத்திவிட்டு ஒருவர் கையில் எதையும் கொடுக்காமல் போனால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தன்னால் எதுவும் ஆகாது என்று நினைக்கும்போது மனது அப்படித்தான் தற்காத்துக்கொள்ளும். ஆகவே ஒரு கெட்ட செய்தி சொன்னால், அதே பத்தியிலேயே அவர் செய்யக்கூடிய ஒரு காரியமும் வர வேண்டும். அந்தக் காரியம் பிரச்சினையின் அளவுக்குப் பொருந்தவும் வேண்டும். உலகம் சூடாகிறது, ஆகவே விளக்கை அணையுங்கள் என்றால் கேட்பவர் மனதுக்குள் அது ஒட்டாது.

குற்றம் சாட்டும் வரிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். “மக்கள் குளத்தில் குப்பை கொட்டுகிறார்கள்” என்று எழுதும் முன், அந்தத் தெருவுக்குக் குப்பை வண்டி வாரத்தில் எத்தனை நாள் வருகிறது என்று விசாரியுங்கள். விசாரித்த பிறகு வாக்கியமே மாறிவிடலாம்.

எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். குழுவில் இல்லாத ஒருவரிடம் கொடுத்து, “நான் என்ன செய்யச் சொல்கிறேன்?” என்று கேளுங்கள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லையென்றால் மறுபடி எழுத வேண்டியதுதான்.

5. எந்த வழியில் அனுப்புவது

எல்லாத் தளத்திலும் இருக்க ஆசைப்பட வேண்டாம். ஒன்றை ஒழுங்காக நடத்துவது, ஐந்தைப் பாதியில் விடுவதைவிட நல்லது. பெரும்பாலான உள்ளூர்க் குழுக்களுக்கு வாட்ஸ்அப்பும் நேரில் போவதும் போதுமானவை.

வாட்ஸ்அப்பில் இரண்டு குழு வையுங்கள். ஒன்றில் நிர்வாகிகள் மட்டுமே எழுத முடியும், அதில் அறிவிப்புகள் மட்டும். இன்னொன்றில் எல்லோரும் பேசலாம். ஒரே குழுவாக இருந்தால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே கூட்டத் தேதி மூழ்கிவிடும். அறிவிப்பில் நாள், கிழமை, வருடம் மூன்றும் இருக்கட்டும். வருடம் போடாத ஒரு போஸ்டர் அடுத்த ஆண்டு மறுபடி சுற்றுக்கு வந்து, ஆளில்லாத இடத்தில் நாற்பது பேரைக் கொண்டுபோய் நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். படமாக அனுப்பும்போது எழுத்து மங்கிவிடும் என்பதால் முக்கியமான விவரத்தை எழுத்தாகவும் கீழே தட்டுங்கள். பார்வையற்றவர்கள் திரை வாசிப்பானில் கேட்பதற்கும் அதுதான் உதவும். படிக்கச் சிரமப்படுபவர்களுக்கு ஒரு நிமிடத்துக்கு மிகாத குரல் பதிவு அனுப்புங்கள். எங்கள் அனுபவத்தில், மூத்தவர்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்.

போஸ்டரில் ஒரே ஒரு விஷயம். பத்தடி தள்ளி நின்று படிக்க முடியாவிட்டால் பாதி எழுத்தை எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பேனர் அடிக்காதீர்கள். பிளாஸ்டிக்கைக் குறைக்கச் சொல்லும் குழு, ஒரு நாள் கூட்டத்துக்கு அதைக் கட்டித் தொங்கவிட்டால் மக்கள் கண்ணில் அதுதான் படும். துணியில் எழுதினால் தேதியை மட்டும் மாற்றி மறுபடி பயன்படுத்தலாம்.

வீடு வீடாகப் போவதற்கு ஈடு எதுவும் இல்லை. இருவராகப் போங்கள். ஒருவர் பேசட்டும், இன்னொருவர் எழுதட்டும். எந்த வீட்டில் யார் என்ன கேட்டார் என்ற குறிப்புதான் பிற்பாடு பதில் சொல்ல உதவும்.

6. படங்கள்

நல்ல கேமரா தேவையில்லை. ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில், மாதம் ஒருமுறை எடுத்த கைபேசிப் படங்கள் எந்தப் பேச்சையும்விட வலுவானவை. தரையில் ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கல், இந்தக் கம்பம் என்று. எடுத்த நாளைக் கோப்பின் பெயரிலேயே போடுங்கள்.

முகம் தெரியும் படத்துக்கு அனுமதி கேளுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் கேளுங்கள், எழுத்தில் வாங்கிவையுங்கள். வெள்ளத்தில் நனைந்து நிற்பவரையோ குப்பை பொறுக்குபவரையோ அவர் தலைகுனியும்படி படம் எடுக்காதீர்கள். அவர் பேச விரும்பினால் அவருடைய சொற்களோடு போடுங்கள், போடும் முன் அவரிடம் காட்டுங்கள்.

அரிய பறவையின் கூட்டைப் படம் எடுத்தால் இடத்தைச் சொல்லாதீர்கள். கைபேசிப் படத்துக்குள் இடக் குறிப்பு ஒளிந்திருக்கும், அதையும் நீக்கிவிட்டு அனுப்புங்கள். கூட்டைத் தேடிக் கூட்டம் வந்தால் தாய்ப்பறவை கூட்டையே விட்டுவிடக்கூடும். வேட்டைக்காரர்களுக்கும் அது வழிகாட்டும்.

வேறெங்கோ நடந்ததன் படத்தை நம் ஊர்ப் படம் என்று யாராவது அனுப்புவார்கள். கூகுளில் படத்தைக் கொண்டு தேடிப் பார்க்காமல் எதையும் பகிராதீர்கள். எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் சரி.

7. செய்தியாளர்களோடு

செய்திக் குறிப்பு ஒரு பக்கம். முதல் பத்தியில் என்ன, எங்கே, எப்போது, யார். இரண்டாவது பத்தியில் ஏன். மூன்றாவதில் பாதிக்கப்பட்ட ஒருவர் தன் வாயால் சொன்னது, அவர் ஒப்புதலோடு. கடைசியில் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய இருவரின் எண்கள். அனுப்பிய நாளில் அந்த இரண்டு பேரும் போனை எடுக்க வேண்டும். எடுக்காத எண்ணுக்கு நிருபர் இரண்டாம் முறை அழைக்க மாட்டார்.

காலையிலேயே அனுப்புங்கள். மாலையில் அவர்கள் செய்தியை முடிக்கும் அவசரத்தில் இருப்பார்கள். நிகழ்ச்சி இருந்தால்தான் அவர்களைத் தேடுவது என்று இருக்காதீர்கள். சூழல் செய்தி எழுதும் நிருபரைச் சும்மா ஒரு நாள் குளக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவருக்குப் பின்னணி தெரிந்திருந்தால், அவசரமான நாளில் ஐந்து நிமிடத்தில் சரியாக எழுதுவார்.

பேசும்போது தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். “விசாரித்துவிட்டு நான்கு மணிக்குள் சொல்கிறேன்” என்று சொல்லி, நான்கு மணிக்குள் சொல்லுங்கள். நிருபர்கள் திரும்பத் திரும்ப அழைப்பது இப்படிப்பட்டவரைத்தான். வெளியே வரக் கூடாத எதையும் நிருபரிடம் சொல்லவே வேண்டாம், எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும். செய்தியில் தவறு வந்தால் நன்றியோடு தொடங்கி, தவறான வரியையும் சரியான வரியையும் எழுதி அனுப்புங்கள்.

எப்போதும் தலைவரே கேமரா முன் நிற்க வேண்டியதில்லை. தண்ணீர் புகுந்த வீட்டுக்காரர், அந்த மரத்தடியில் வண்டி நிறுத்துபவர், பள்ளி மாணவி பேசட்டும். முதல் நாள் அரை மணி நேரம் அவர்களோடு உட்கார்ந்து ஒத்திகை பாருங்கள். சொல்ல வேண்டிய ஒரே ஒரு விஷயம் எது என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

8. தவறும் வதந்தியும்

ஒரு குளத்தின் பரப்பை நான் ஒருமுறை தவறாக எழுதிவிட்டேன். ஆவணத்தில் ஏக்கரில் இருந்ததை ஹெக்டேர் என்று போட்டேன். ஒரு ஹெக்டேர் என்பது சுமார் 2.47 ஏக்கர். குளம் இரண்டரை மடங்கு பெரிதாகிவிட்டது. நோட்டீஸ், மனு, செய்திக் குறிப்பு எல்லாவற்றிலும் அதே எண். கூட்டத்தில் ஓர் அதிகாரி எழுந்து, “குளத்தின் அளவே தெரியாமல் குளத்தைக் காப்பாற்ற வந்திருக்கிறீர்கள்” என்றார். ஆக்கிரமிப்பு உண்மை, படம் உண்மை, மக்கள் சொன்னது உண்மை. அன்றைக்கு அவை எதுவும் எடுபடவில்லை. அன்று மாலையே, தவறான எண் போன ஒவ்வோர் இடத்துக்கும் திருத்தம் அனுப்பினேன். சாக்குச் சொல்லாமல், தவறு என்னுடையது என்று எழுதினேன். அடுத்த கூட்டத்தில் அதே அதிகாரி எங்கள் தாளைக் கையில் வாங்கிப் படித்தார். அதிலிருந்து எங்கள் விதி: எந்த எண்ணும் இரண்டாவது ஆள் மூல ஆவணத்தோடு ஒத்துப் பார்க்காமல் வெளியே போகாது.

பிறர் பரப்பும் பொய்யை மறுக்கும்போது பொய்யைத் தலைப்பில் வைக்காதீர்கள். மனதில் தங்குவது தலைப்புதான். உண்மையில் தொடங்குங்கள், இப்படி ஒரு தவறான செய்தி சுற்றுகிறது என்று ஒரு வரியில் சொல்லுங்கள், மறுபடி உண்மையில் முடியுங்கள். இருபது பேர் மட்டும் பார்த்த பொய் என்றால் விட்டுவிடுங்கள். மறுப்பே அதை இரண்டாயிரம் பேருக்குக் கொண்டுபோகும்.

ஆளைத் தாக்கி எழுதாதீர்கள், செயலை எழுதுங்கள். “அந்த நிறுவனம் விஷத்தைக் கலக்கிறது” என்பது நீங்கள் நிரூபிக்க வேண்டிய குற்றச்சாட்டு. “இந்தத் தேதியில் இந்தக் குழாயிலிருந்து கறுப்பு நிறத் தண்ணீர் வந்ததைப் பார்த்தோம், படம் எடுத்தோம், பரிசோதனை செய்யச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம்” என்பது நீங்கள் கண்டது. அவதூறு வழக்கு ஒன்று வந்தாலே சிறிய குழு முடங்கிவிடும்.

நோட்டீஸில் யாருடைய சொந்த எண்ணும் வேண்டாம். குழுவுக்கென்று ஓர் எண், ஒரு மின்னஞ்சல். எங்களோடு இருந்த ஒரு பெண் தன்னார்வலருக்கு இரவெல்லாம் மிரட்டல் அழைப்புகள் வந்த பிறகுதான் இதைக் கற்றோம். முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

9. திரும்பிப் போய்ச் சொல்வது

முடிவு வந்த இரண்டு நாளுக்குள் சொல்லுங்கள். ஜெயித்தால் சொல்வது எளிது. அப்போதும், யார் செய்ததால் நடந்தது என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். “316 பேர் கையெழுத்துப் போட்டீர்கள், 40 பேர் கூட்டத்துக்கு வந்தீர்கள், வரைபடத்தை மாற்ற ஒப்புக்கொண்டார்கள்.” குழுவின் பெயர் கடைசியில் வரட்டும். நல்ல முடிவெடுத்த அதிகாரிக்கும் நன்றி சொல்லுங்கள். அடுத்த முறை அதே கதவைத்தான் தட்டப்போகிறோம்.

தோற்றால் சொல்வது கடினம், அதனால்தான் பல குழுக்கள் பேசாமல் இருந்துவிடுகின்றன. நாங்கள் தோற்றபோது அனுப்பிய செய்தி இது: “42 மரங்களில் 31-ஐ வெட்ட நேற்று ஒப்புதல் தந்துவிட்டார்கள். நாம் கேட்டது கிடைக்கவில்லை. 11 மரங்கள் நிற்கும், அவற்றில் பேருந்து நிறுத்தத்து மரமும் ஒன்று. வெட்டும் இடத்துக்கு மாற்றாக எங்கே, எத்தனை நடுவார்கள் என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம். பதில் வந்ததும் சொல்கிறோம்.” அதற்கு முன் எந்த வெற்றிச் செய்திக்கும் வராத அளவுக்குப் பதில்கள் வந்தன. பலர், நட்ட பிறகு தண்ணீர் ஊற்ற வருகிறோம் என்று எழுதினார்கள்.

எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் சொல்ல முடியாது. கைபேசி இல்லாதவர் வீட்டுக்கு யாராவது நடந்து போக வேண்டும். நானும் அந்தப் பாட்டி வீட்டுக்குப் போனேன். வேலி போட்டதைச் சொன்னதும், “நான் தினமும் அந்த வழியாத்தான் போறேன், யாரோ போட்டாங்கன்னு நினைச்சேன்” என்றார். இப்போது அந்தத் தெருவில் எந்தத் தாளையும் முதலில் அவர்தான் வாங்கிப் படிக்கிறார், பக்கத்து வீடுகளுக்கும் எடுத்துச் சொல்கிறார்.

பலனை அளக்க நான் இரண்டு எண்களைத்தான் பார்க்கிறேன். கேட்டதைச் செய்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் அடுத்த முறையும் வந்தவர்கள் எத்தனை பேர்? எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளலாம், தவறில்லை. ஆனால் இரண்டாம் முறை வருபவர்களின் எண்ணிக்கை குறைந்தால், நாம் எங்கோ பதில் சொல்லாமல் விட்டிருக்கிறோம்.

10. அடுத்தவர் கையில் கொடுப்பது

இந்தப் பொறுப்பில் உள்ளவர்கள் திடீரென்று களைத்து விலகுவது வழக்கம். வெப்ப அலை, வெள்ளம், மரங்களின் சாவு என்று தினமும் படிப்பது உள்ளே தேங்கும். வாரத்தில் ஒரு நாள் குழுவின் போனை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். தொடங்கிய மாதத்திலிருந்தே உங்களோடு ஒருவரைப் பழக்குங்கள்.

கணக்குகளின் கடவுச்சொற்கள் குறைந்தது இருவரிடம் இருக்கட்டும். ஒரே கோப்புறையில் உண்மைத் தாள்கள், மூல ஆவணங்கள், தேதியிட்ட படங்கள், அனுமதிக் கடிதங்கள், செய்தியாளர் பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். வீடு வீடாகப் போனபோது எழுதிய நோட்டையும் அதோடு கொடுங்கள். அதன் கடைசிப் பக்கத்தில், நாம் கேள்வியை வாங்கிக்கொண்டு இன்னும் பதில் சொல்லாதவர்களின் பெயரும் வீடும் இருக்கும். புதியவரை அழைத்துக்கொண்டு முதலில் அந்த வீடுகளுக்குப் போய்வாருங்கள்.